வைக்கோல் இல்லாத தொட்டி

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

எப்படி இருக்கிறாய் அம்மா? தூக்கம் வருகிறதா? உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே நானும் உன் புருஷனும் இருக்கிறோம். உன் மாட்டுக்குத்தான் முடியவில்லை. பதறாமல் முழுசாகப் படி. என் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ கிளம்பும்போது வாசலில் நின்று, "மாட்டை நல்லாப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னாய். உன் புருஷன் அதையே பிடித்துக்கொண்டான். மக்காச்சோள மாவும் புண்ணாக்கும் தொட்டி வழிய வழிய வைத்தான். வைக்கோல் எங்கேடா என்றால், "அதுல என்னப்பா சத்து இருக்கு? மாடு இளைச்சுப்போச்சேன்னு அவ வந்து கேட்டா?" என்றான். சின்ன வயசிலும் அப்படித்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் செடியே மிதக்கும். அது பெரிய கதை, விடு.

முதலில் பால் கூடத்தான் செய்தது. வாளி நிறைந்ததைப் பார்த்து, ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தான். பிறகு காய்ச்சினால் ஆடையே படியவில்லை. பால் சொசைட்டியில் சோதனை பார்ப்பவர், "என்ன பெரியவரே, மாட்டைக் கறந்தீங்களா, மேகத்தைக் கறந்தீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை அம்மா. அவர் மீசையைப் பற்றி ஒரு சமாசாரம் இருக்கிறது, நேரில் சொல்கிறேன்.

நேற்று மாடு அசைபோடுவதையே நிறுத்திவிட்டது. சாணம் தண்ணீராகப் போகிறது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. மாட்டு டாக்டரம்மா வந்து விலாவில் குழாயை வைத்துக் கேட்டார். "மாவாக் கொட்டி வயித்தைப் புளிக்க வச்சிருக்கீங்க. வைக்கோலை மென்னு அசைபோட்டாத்தான் எச்சில் ஊறும், புளிப்பு அடங்கும், பால்ல கொழுப்பு ஏறும். பாசத்தாலயே கொல்லப் பாத்தீங்களே!" என்று உன் புருஷனைத் திட்டித் தீர்த்தார். சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினார். இன்றைக்குள் அசைபோட்டால் பிழைக்கும், இல்லையென்றால் சொல்வதற்கில்லை என்று போய்விட்டார்.

காலையிலிருந்து அவன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். மாவு மூட்டையைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டான். முன்னால் ஒரு பிடி வைக்கோலைப் போட்டிருக்கிறான். தின்னு என்றுகூடச் சொல்லவில்லை. சும்மா இருக்கிறான்.

குழந்தை தங்காமல் போன பிறகு உனக்கும் நாங்கள் தட்டுத் தட்டாகத்தான் வைத்தோம். சாப்பிடு, மறந்துவிடு, அழாதே என்றோம். உன் பக்கத்தில் சும்மா உட்கார எங்கள் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

சீக்கிரம் வா என்று எழுத மாட்டேன். மனசு ஆறும்வரை அங்கேயே இரு. நன்றாக இரு அம்மா. ஆனால் நீ வருகிற அன்றைக்கு அவன்

இரு, கொட்டகையிலிருந்து கூப்பிடுகிறான். "அப்பா, சத்தம் போடாம வாங்க, வாயை அசைக்குது" என்கிறான். நான் போய்ப் பார்த்துவிட்டு