வெள்ளை அறிக்கையில் விடுபட்ட தொண்ணூற்றாறு நாட்கள்

ஜனவரி 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் சௌக்கியம்தானே? இங்கே உன் அண்ணிக்கு மட்டும் என் மேல் கோபம். வீட்டுக்கு வந்தும் எழுதிக்கொண்டே இருக்கிறேனாம்.

எங்கள் கம்பெனியின் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினுக்கு ஒரு வெள்ளை அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். விளம்பரம் இல்லை. சிக்கல் இது, தீர்வு இது, ஆதாரம் இது என்று சொல்லி, படிப்பவர் தானாகவே முடிவுக்கு வரும்படி எழுதுவது. நானூறு பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதிக்குப் போகிறது. பலித்தால் எனக்குத் துணை மேலாளர் நாற்காலி.

உன் வீட்டில் இருக்கும் எங்கள் மெஷினைப் பற்றி நீ தினமும் எழுதிவரும் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாயே, அது பத்திரமாக இருக்கிறது. பன்னிரண்டு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துச் சொல், கணக்குப்பிள்ளை.

உன் அண்ணன்

ஜனவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் அனைவரும் நலம். உன் அறிக்கையைப் படித்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

நான் எட்டாவதோடு நின்றவள். மீதியெல்லாம் கையில் கிடைத்ததைப் படித்துக் கற்றது. பொட்டலம் மடித்து வந்த காகிதத்தில்கூட இதைவிட விஷயம் இருந்திருக்கிறது. முதல் நான்கு பக்கத்தில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை. ‘ஒருங்கிணைந்த’ மட்டும் பதினேழு இடத்தில் இருக்கிறது, எண்ணினேன். எதோடு எது ஒருங்கிணைந்தது என்று ஓரிடத்திலும் இல்லை. இவர் சத்தமாக இரண்டு பக்கம் படித்துவிட்டு, “ஏம்மா, உங்க அண்ணன் தண்ணி மெஷின் விக்கறாரா, இல்ல தண்ணி போட்டுட்டு எழுதினாரா?” என்றார். கண்டிக்க வேண்டிய இடம்தான். சிரிப்பு முந்திக்கொண்டது.

அங்கே இதைப் படிக்கப்போவது வார்டன் அம்மா. காலையில் எத்தனை பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் அவர் கவலை. அங்கிருந்து ஆரம்பி. மெஷின் பெயரைக் கடைசிவரை எடுக்காதே. அது என்ன செய்யும் என்பதோடு, என்ன செய்யாது என்பதையும் சொல். செய்யாததை ஒப்புக்கொண்டவன் பேச்சைத்தான் மற்றதிலும் நம்புவார்கள். ஆறு பக்கம் தாண்டாதே. கம்பெனியின் முப்பது வருடப் பெருமையை உங்கள் ஆபீஸ் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

உன் தங்கை

ஜனவரி 29

அன்புள்ள தங்கச்சிக்கு,

திட்டினாலும் நல்லதுக்குத் திட்டினாய். ஆறே பக்கம். அச்சடித்தாகிவிட்டது, ஒரு பிரதி உனக்கு. நான்காம் பக்கத்தைப் பார்: ‘ஒரு குடும்பத் தலைவியின் பதினோரு மாதப் பதிவேடு. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கும் ஒரு நாள்கூட வயிற்றுக் கோளாறு இல்லை.’ எங்கள் மேலாளர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். விடுதியில் இனி தண்ணீர் காய்ச்ச வேண்டாம், விறகும் கேஸும் மிச்சம் என்று நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எப்படி?

உன் அண்ணன்

பிப்ரவரி 3

அண்ணாவுக்கு,

என் நோட்டில் நாலு கட்டம் உண்டு. தேதி, எத்தனை குடம், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா, அடுப்பு. உன் நான்காம் பக்கத்தில் மூன்றுதான் இருக்கின்றன. அடுப்பு எங்கே?

கரண்ட் இல்லாதபோது கிருமியைக் கொல்லும் விளக்கு அந்த மெஷினுக்குள் எரியாது. தண்ணீர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் வந்துகொண்டே இருக்கும். பதினோரு மாதத்தில் அப்படித் தொண்ணூற்றாறு நாள். அந்த நாட்களில் நான் காய்ச்சித்தான் கொடுத்தேன், ஒவ்வொன்றையும் குறித்தும் வைத்தேன். உன் அறிக்கையை நம்பி விடுதியில் அடுப்பை அணைத்துவிட்டால் அந்த நாட்களில் நானூறு பிள்ளைகள் எதைக் குடிக்கும்?

பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக் கொஞ்சம் சோறாவது வேண்டும். உனக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கட்டத்தைத் திரும்பச் சேர்.

தங்கை

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோபப்படாதே. பக்கத்தில் இடம் போதவில்லை, அவ்வளவுதான். இதெல்லாம் தொழில். யாரும் தன் சரக்கில் ஓட்டை என்று தானே தண்டோரா போட மாட்டார்கள். நீ வீட்டுக்குள் இருப்பவள், உனக்குப் புரியாது. அறிக்கையும் போய்விட்டது. கேட்டால் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அண்ணன்

பிப்ரவரி 13

அண்ணாவுக்கு,

அவர்கள் கேட்க மாட்டார்கள். கேட்கக் கூடாது என்றுதானே அப்படி எழுதினாய்.

விடுதியின் விலாசம் உன் அறிக்கை அட்டையிலேயே இருந்தது. வார்டன் அம்மாவுக்கு நானே இரண்டு பக்கம் எழுதிப் போட்டுவிட்டேன். உனக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக் கூடாது என்பதால் அதில் ஒரு பகுதியை இங்கே தருகிறேன்:

‘அம்மா, இந்த மெஷின் சேற்றையும் நாற்றத்தையும் சுத்தமாக எடுக்கிறது. கரண்ட் இருக்கும்வரை கிருமியையும் கொல்கிறது. கரண்ட் போனால் கொல்லாது, அப்போது காய்ச்ச வேண்டும். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வயிறு கெடாததற்குப் பாதிக் காரணம் மெஷின், பாதிக் காரணம் அடுப்பு. நான்கு கட்டமும் உள்ள என் நோட்டின் நகல் இத்துடன்.’

உன் நாற்காலி போனால் அது என்னால்தான். காலையில் பிரார்த்தனையில் இதை ஆண்டவனிடம் சொல்லிவிட்டேன். பயம் இருக்கிறது. வருத்தம் இல்லை.

தங்கை

மார்ச் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் விஷயம் வேறு மாதிரி ஆகிவிட்டது! விடுதியில் மெஷின் வாங்கிவிட்டார்கள். ‘ஆறு பக்கம் எங்களுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது, இரண்டு பக்கம் நம்பிக்கையைக் கொடுத்தது’ என்று வார்டன் அம்மா எழுதி, உன் பக்கங்களின் நகலையும் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். உன் பெயரும் விலாசமும் உறையோடு நின்றுவிட்டன போலிருக்கிறது, நகலில் இல்லை. மேலாளர், “யாருய்யா எழுதினது? அறிக்கைன்னா இப்படி இருக்கணும்” என்றார். ஒரு குடும்பத் தலைவி பேசுவதுபோல் நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. நாற்காலி கிடைத்துவிட்டது.

இப்போது ஓர் ஆஸ்பத்திரிக்கு அறிக்கை வேண்டுமாம். விவரமெல்லாம் அனுப்புகிறேன். உன் பாணியில் இரண்டே பக்கம் எழுதிக் கொடு, என் கண்ணில்லையா?

உன் அண்ணன்

மார்ச் 7

அண்ணாவுக்கு,

வார்டன் அம்மா எனக்கும் எழுதியிருந்தார். கரண்ட் போனால் அடுப்பு மூட்டும்படி சமையல்காரம்மாவிடம் சொல்லியாகிவிட்டதாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நீ எழுதியதாகச் சொன்னது பெரிதில்லை. உங்கள் மேலாளர் மெச்சும்போது அடக்கமாகத் தலையாட்டியிருப்பாயே, அந்தத் தலையைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். நானூறு பிள்ளைகளுக்கு எது தெரிய வேண்டாம் என்று ஒரு மாதம் முன்பு முடிவு செய்ததும் அதே தலைதான்.

ஆஸ்பத்திரிக்கு நான் எழுத மாட்டேன். நான் உள்ளதை எழுதித் தருவேன், அதில் எதை வெட்டலாம் என்று நீ பார்ப்பாய். அங்கே நீயே போ. பெரிய டாக்டர் அறையில் உட்காராமல், வார்டுக்குத் தண்ணீர் தூக்கும் ஆயா பக்கத்தில் ஒரு நாள் நில். அவள் சொல்வதை அப்படியே எழுது. அது உனக்கு வராது என்றால், வராது என்று உங்கள் மேலாளரிடம் சொல். அது ஒன்றாவது நீயே எழுதிய உண்மையாக இருக்கட்டும்.

அண்ணியையும் பிள்ளையையும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பு. நீ வந்தால் குடிக்கத் தண்ணீர் தருவேன். காகிதம் எதையும் எடுத்து வராதே.

தங்கை