ஒன்பது சென்டிமீட்டர் கட்டி

3 பிப்ரவரி 2025, திங்கள்
பன்னிரண்டாவது நாள். உதிரப்போக்கு இன்னும் நிற்கவில்லை. நெமிலிச்சேரியில் ரயில் ஏறும்போது கண் இருட்டியது. அம்பத்தூர் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை. இப்போதெல்லாம் கறுப்புச் சுடிதார் மட்டும்தான் உடுத்துகிறேன்.

8 பிப்ரவரி
ஸ்கேன். கர்ப்பப்பையில் ஒன்பது சென்டிமீட்டர் கட்டி. ஹீமோகுளோபின் ஏழு. "நாப்பத்து மூணு வயசு, ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார் டாக்டரம்மா. தலையாட்டிவிட்டு வந்தேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு
பட்டாபிராமிலிருந்து கன்னியம்மாள் அக்கா வந்தாள். "எட்த்துட்டா தொல்லை விட்டுது மதி. நான் எட்த்துகினு நல்லாத்தான கீறேன்?" என்றாள். என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார், அவ்வளவுதான்.
எனக்கு ஏன் அழுகை வந்தது? இனிமேல் பிள்ளை பெறப்போகிறேனா? இல்லையே. இருந்தாலும் — என்னுடையதுதானே அது. தவிர, ஆறு வாரம் படுத்துவிட்டால் கான்ட்ராக்ட் வேலை எனக்காகக் காத்திருக்குமா?

20 பிப்ரவரி
அவரே யார் யாரையோ விசாரித்து வேறு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். வயிற்றைக் கிழிக்க வேண்டாமாம். மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைப்பார்களாம். கட்டி தானே சுருங்குமாம். "முழுசா மறையாதும்மா. சிலருக்குத் திரும்பவும் வரலாம்" என்றார் டாக்டர் தினகரன். அப்படி ஒளிக்காமல் சொன்னதால்தான் நம்பினேன். முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும்.

12 மார்ச்
முடிந்தது. ஒரு தையல்கூட இல்லை. ஆனால் வலி — பிரசவ வலியே தேவலாம். இதை யாரும் சொல்லவில்லையே. இல்லை, சொன்னார்கள். நான்தான் காதில் வாங்கவில்லை.

15 மார்ச்
வீட்டுக்கு வந்தும் காய்ச்சல். வருமென்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவர் கஞ்சி வைத்தார். உப்பில்லை. "இன்னா, நல்லா இல்லியா?" என்றார். நல்லாயிருக்கு என்றேன்.

27 மார்ச்
வேலைக்குப் போனேன். வந்ததும் படுத்துவிட்டேன்.

15 ஜூன், ஞாயிறு
நேற்று ஸ்கேன். ஆறு சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. ஹீமோகுளோபின் பத்தரை. இந்த மாதம் ஐந்தே நாள். அசதி போய்விட்டதென்று சொல்ல முடியாது. படியேறினால் மூச்சு வாங்குகிறது, ஆனால் நிற்காமல் ஏறிவிடுகிறேன்.
அக்கா வந்திருந்தாள். ரிப்போர்ட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "இப்டி ஒண்ணு கீதுன்னு என்னாண்ட யாருமே சொல்லல டி. அப்போ முப்பத்தி நாலு வயசு எனக்கு. கையெழுத்து போடுன்னாங்க, போட்டேன்" என்றாள்.
கிளம்பும்போதுதான் மகளைப் பற்றிச் சொன்னாள். "அருள்மொழிக்கும் மாசம் பத்து நாள் போவுது. வெக்கப்பட்டுகினு வாயே தொறக்க மாட்றா." அவளுக்கு இருபத்தாறு வயதுதான்.
நானே அருள்மொழிக்குப் போன் செய்தேன். முதலில் ஒன்றுமில்லை சித்தி என்றாள். நான் போனை வைக்காமல் இருந்தேன். பிறகு அழுதாள்.
வியாழக்கிழமை அவளைக் கூட்டிப்போகிறேன்.