ஒரு வருடத்துக்கு மொத்தமாக

மச்சான்,

ஈசிஜி எடுக்க நெஞ்சில் பூசிய பசை காய்ந்து சட்டையில் ஒட்டியிருக்கிறது. மாத்தளை டவுனுக்குள் நடந்து கடைக்குத் திரும்பியும் அதன் குளிர் போகவில்லை. டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு, கண்டிக்குப் போய் இருதயக் குழாய்களைச் சோதிக்கச் சொன்னார். தள்ளிப் போட வேண்டாம் என்றார். வீட்டுக்கு போன் பண்ணி, "சும்மா வாயுவாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் வந்தால் உன் ஞாபகம்தான் வருகிறது.

நாம் இருவரும் ஒன்றாகத்தான் மருத்துவக் காப்புறுதி எடுத்தோம். நீ குடும்பத்துக்கே ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டினாய். நான் மாதாமாதம் கட்டுகிறேன் என்றேன். கையில் காசு இல்லை என்று நான் சொன்னது பொய். ஒரு வருடத்தை மொத்தமாகக் கேட்டால் உயிரை எடுக்கும் மலக்கின் காதில் விழுந்துவிடும் என்று பயந்தேன். மாதம் மாதமாக என்றால் சத்தமில்லாமல் நழுவிவிடலாம்.

நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். என் மிளகு மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்தாய்.

"பல்லேகம தோட்டத்துல இன்னும் பூக்காத மெளகுக்கு அட்வான்ஸ் குடுக்குற. ஒன்னோட உசுருக்கு மட்டும் மாசக் கணக்கா? மாசத்துக்குக் கட்டினா மவுத் வராதாடா?"

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நீயே மவுத்தாகிப் போய்விட்டாய். மையவாடியில் உனக்கு மண் போடும்போது, பார்த்தாயா, நான் அப்போதே பயந்தேனே என்று மனதுக்குள் உன்னோடு சண்டை பிடித்தேன். அதன் பிறகு மாதக் கட்டணத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உன் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்து முடித்து வெளியே வந்த கொஞ்ச நாளில் பித்தப்பையில் கல் என்று படுத்துவிட்டாள். சத்திரசிகிச்சைக்கு யாரிடமும் கை நீட்டவில்லை. நீ கட்டிய வருடம் நீ இல்லாமலும் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டிலோ நான் மாதாமாதம் காப்புறுதி கட்டுவது தெரியுமே தவிர, அந்தக் கொம்பனியின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. நான் போனால் அடுத்த மாதம் யார் நினைத்துக் கட்டுவார்கள்?

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். இன்று கட்டணம் கட்டும் நாள். வருடத்துக்கே கட்டிவிட்டேன்.

பகல் சாப்பாட்டில் மெதுவாகச் சொன்னேன். "காப்புறுதிய இந்த முறை வருசத்துக்கும் சேர்த்துக் கட்டிட்டேன். வீட்டு ஆக்கள் எல்லாருக்கும்."

சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"வருசத்துக்கா? நீங்களா?"

அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"டொக்டர் என்ன சொன்னாரு? இப்பவாவது உண்மையச் சொல்லுங்க."

சொன்னேன் மச்சான். நீ மட்டுமே கண்டுபிடித்திருந்த பயத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்தாள். பயம் கொஞ்சமும் குறையவில்லை. கண்டிக்கு அவளும் வருகிறாள்.