டிவி கம்ப்யூட்டர்ல நெட் வந்துடுச்சு

ஏங்க,

டிவியில மாட்டியிருக்கற கம்ப்யூட்டர்ல வைஃபை வந்துடுச்சு! நேத்து "உனக்கு இன்னா தெரியும், தொடாத"ன்னு கத்தினீங்களே, நானேதான் சரி பண்ணேன்.

டிவி பக்கத்துல என் போனை வெச்சுப் பார்த்தேன், நெட் நல்லா ஓடுச்சு. அப்போ கோளாறு கம்ப்யூட்டர்லதான்னு பின்னாடி டார்ச் அடிச்சேன். ரெண்டு ஆன்டெனா குச்சியையும் காணோம்! பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப நீங்க கழட்டினது, ஆணி டப்பாவுல கிடந்துச்சு. திருகி மாட்டினதும் சிக்னல் முழுசா ஏறிடுச்சு. நான் போட்ட கூச்சல்ல பக்கத்து வூட்டு செங்கம்மா பயந்துகினு ஓடியாந்துட்டா.

சாயங்காலம் நம்ம சிவரஞ்சனி ஆடற மாநில கபடி ஃபைனலை நெட்ல நேரடியா காட்டறாங்க. அத்தையும் பேத்தியைப் பெரிய டிவியில பார்க்கட்டும்னு, கூட்டியாரக் கச்சிராயபாளையம் போறேன். கருவாட்டுக் குழம்பு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. கம்ப்யூட்டரை மட்டும் நவுத்தாதீங்க.

கோவம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. வந்து பேசிக்கறேன்.

விஜயலட்சுமி

இப்பதான் ரஞ்சனி போன் பண்ணா. "அப்பா பார்ப்பாராம்மா?"ன்னு கேட்டா. "முதல் ஆளா உக்காந்துகினு இருப்பாருடி"ன்னு சொல்லிட்டேன். சீக்கிரம் வந்துடுங்க.