மலைப் பெஞ்சில் போட்ட துண்டு

அன்புள்ள மனைவிக்கு,

நானும் அங்கே வரட்டுமா என்று போனில் கேட்டாயே, அதற்கு ஒழுங்காகப் பதில் எழுத நினைத்தேன்.

1. என் உடம்பு.
2. சனிக்கிழமை மலையேற்றம்.
3. உன் முழங்காலுக்கு இந்த நாடு ஏன் சரிப்படாது.

உடம்பு நன்றாகவே இருக்கிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் துணிகளை மடித்து வைக்கிறேன். பிறகு பேச ஆளில்லை, படிக்கிறேன்.

நேற்று மலையில் பாதி வழியில் நின்றுவிட்டேன்.

"மூச்சு வாங்குதா மாமா?" என்றாள் மருமகள்.

"இல்லம்மா, மரத்தைப் பாக்கறேன்."

"இவ்வளவு நேரமா ஒரே மரத்தையா?"

என்னை அங்கிருந்த பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மகனும் அவளும் உச்சிக்குப் போனார்கள். திரும்பி வந்தவள் சிரித்தாள்.

"யாருக்கு மாமா துண்டு போட்டு சீட்டு பிடிச்சிருக்கீங்க? இது என்ன பஸ்ஸா?"

பக்கத்தில் என் துண்டு விரித்துக் கிடந்தது. எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பஸ்ஸில் உனக்காகப் போட்டுப் பழகிய கை.

இறங்கும்போது கவனித்தேன். அந்தப் பெஞ்சு வரைக்கும் படியே இல்லை, சரிவான பாதைதான். பிடித்து நடக்கக் கம்பியும் இருக்கிறது.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு. கிளம்பி வா.

இப்படிக்கு,
இடம் பிடித்து வைத்திருக்கும்
உன் கணவன்