கண்ணாடியில் என் நம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

கார்மினே எழுதுவது. நான் நலம், உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இந்த லைப்சிக்கில் காருக்கு இடம் தேடியே இளைத்துவிட்டேன். போன மாதம் நம் நேப்பிள்ஸ் வழக்கப்படி இன்னொரு காரை மறித்து நிறுத்தி, என் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி முன்கண்ணாடியில் வைத்தேன். அங்கேயென்றால் உடனே போனில் திட்டு விழும். இங்கே நேராகப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள்! பக்கத்துப் பேக்கரிக்கார ஹைக்கே மட்டும்தான் சீட்டைப் பார்த்துப் போனில் கூப்பிட்டாள்: "காரை இழுத்துட்டுப் போக வண்டி வந்துருச்சு, ஓடி வாய்யா!" தப்பித்தேன். இந்த ஊரில் என்னை ஒருவர் போனில் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

இப்போதெல்லாம் பார்க்கிங் மீட்டரில் காசு போட்டு ஒழுங்காகவே நிறுத்துகிறேன். ஆனாலும் சீட்டை எடுக்கவில்லை. வெயிலில் எழுத்து வெளுத்துவிட்டது. உங்கள் கொட்டை எழுத்தில் புதிதாக ஒன்று எழுதி அனுப்புங்கள்.

மீட்டரில் நேரம் முடிகிறது, ஓடுகிறேன். நம்பரை மட்டும் பெரிதாக எழுதுங்கள், அம்மா.

கார்மினே