கழுத்துவரை நிரப்பிய வண்டி

மார்ச் 3

எங்கள் பழைய வேனின் டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு மறுபடியும். இருபதாம் தேதிக்குள் வண்டி ஆய்வில் தேற வேண்டும். விளக்கு எரிந்தால் சான்று கிடையாது. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிவிடு குட்டி. சின்ன காரா ஒண்ணு பாத்துக்கலாம்."

வெளியூரிலிருந்து பேசினால் எல்லாமே சுலபம். அப்பாவின் முட்டி சின்னக் காரில் மடங்காது. இழுத்துத் திறக்கும் கதவு, தாழ்ந்த தரை - அதனால்தான் அவர் இன்னும் வெளியே போகிறார். வேன் போனால்? வீட்டு ஜன்னல்தான் அவருக்கு.

மார்ச் 6

மெக்கானிக் கருவியைச் செருகிப் பார்த்தார். பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறதாம். "தொண்ணூறு சதம் டேங்க் மூடிதாம்மா." புது மூடி. விளக்கு அணைந்தது.

மார்ச் 9

எரிகிறது.

மார்ச் 10

"மூடின்னு சொன்னீங்களே?"

"மிச்சம் பத்து சதத்துல மாட்டிக்கிட்டோம்மா."

திட்டத்தான் போனேன். சிரித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13

மெக்கானிக் குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி, அது எங்கே வெளியேறுகிறது என்று டார்ச்சோடு தேடினார். பின்சக்கரத்துப் பக்கம், ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டியிலிருந்து மெல்லிய நூலாகப் புகை. கழற்றினார். கரி ஊறி உதிர்ந்து, துகள் வால்வில் சிக்கியிருந்தது. வால்வு மூடவே முடியாமல் வாயைப் பிளந்து கிடந்தது.

"ஆவி மட்டும் வரவேண்டிய எடம். பெட்ரோலே வந்திருக்கு. டேங்க கழுத்துவரைக்கும் ரொப்புவீங்களா?"

ரொப்புவோமா!

சின்ன வயதில், ஒவ்வொரு விடுமுறைப் பயணத்துக்கும் முன்னால். பம்பு தானாக நின்றதும் அப்பா கதவைத் தட்டுவார்: "ஆட்டுங்கடா!" நானும் அண்ணனும் பின்சீட்டில் குதிப்போம். வண்டி குலுங்கும். டேங்கில் குமிழ் கிளம்பும். இன்னும் கொஞ்சம் இறங்கும். அம்மா தலையில் கைவைத்துக்கொள்வாள். எவ்வளவு குதிக்கிறோமோ அவ்வளவு தூரம் போவோம் என்று நம்பினேன். பெட்ரோல் வாசனை என்றாலே மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. இப்போதும் பெட்ரோல் பங்கில் அந்த வாசனைக்காகக் கண்ணாடியை இறக்குகிறேன்.

மாற்றுக் கரிப்பெட்டி கிடைப்பது கஷ்டமாம். பழைய மாடல்.

மார்ச் 14

அப்பாவிடம் சொல்வதா? மனசே வரவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா போட்டு உடைத்தாள். "எல்லாம் உங்க கைவரிசைதான்."

அப்பா என்னைக் கைகாட்டினார். "குதிச்சது இதுங்க ரெண்டும்ல?" முகத்தில் அத்தனை பெருமை.

அண்ணனிடமும் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பெட்டிய போட்டோ எடுத்து அனுப்பு."

மார்ச் 18

அண்ணன் நேரிலேயே வந்துவிட்டான். கை முழுக்கக் கிரீஸ், மடியில் கரிப்பெட்டி. ஊர் ஊராகப் பழைய இரும்புக் கடைகளில் தேடினானாம்.

"இரும்புக்காரன்கிட்ட தள்ளிவிடச் சொன்ன ஆளு இவருதான்," என்றேன் அப்பாவிடம்.

"வாய மூடு."

மார்ச் 20

வண்டி ஆய்வில் தேறியது.

மார்ச் 21

காலையிலேயே அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வேன் பக்கத்தில் நின்றார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் கதவை இழுத்துத் திறந்தான். மத்தியான பஸ்ஸில் அவன் ஊர் திரும்ப வேண்டும்.

இருட்டிய பிறகுதான் நாலு பேரும் வீடு வந்தோம்.